கண்ணில் இரும்புத் துகள், ஈ.எஸ்.ஐ.யில் (தொழிலாளர் காப்பீட்டில்) பதிவது எப்படி?

கேள்வி (ராணிப்பேட்டை): சிப்காட் தொழிற்பேட்டையில் கிரைண்டிங் போடும்போது தம்பியின் வலது கண்ணில் இரும்புத் துகள் பட்டுவிட்டது. கருவிழியில் துரு வளையம், வெளிச்சத்தைப் பார்த்தாலே கண்ணீர் கொட்டுகிறது. சூப்பர்வைசரோ, வீட்டில் பட்டதாகச் சொல்லு என்கிறார். மனசு கொதிக்கிறது.

பதில் (ஆற்காடு): அப்படிச் சொல்லவே கூடாது தம்பி! டாக்டர் சீட்டிலேயே வேலையில் பட்டது என்று எழுதச் சொல்லுங்கள். விபத்துப் பதிவேட்டில் ஏற்ற மறுத்தால், நேரம், மெஷின், பக்கத்தில் நின்றவர் பெயர் எல்லாம் எழுதி, கம்பெனிக்கும் ஈ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்துக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

பதில் (காட்பாடி): வேலை விபத்து என்றால் கூலியில் 90% வரும், சாதாரண நோய் லீவுக்கு 70% தான்.

கேள்வி கேட்டவர்: அவன் கான்ட்ராக்ட் ஆள், சேர்ந்தும் கொஞ்ச நாள்தான் ஆகிறது அண்ணே.

பதில் (ஆற்காடு): பரவாயில்லை. வேலை விபத்துக்கு முதல் நாளிலிருந்தே பாதுகாப்பு உண்டு.