நகர மையமா, புறநகரா: தனியாக எடுக்கும் முதல் வீடு எங்கே இருக்க வேண்டும்?

கேள்வி: புதுக்குடி

அனைவருக்கும் வணக்கம். வேலையில் சேர்ந்து சில ஆண்டுகளாகின்றன. இதுவரை நண்பர்களுடன் பகிர்ந்துகொண்ட வீட்டில் இருந்தேன். அதன் ஒப்பந்தம் முடிவதால், இப்போது தனியாக ஒரு வாடகை வீடு எடுக்க வேண்டியிருக்கிறது. தேடியதில் இரண்டு வீடுகள் எஞ்சியிருக்கின்றன. அவற்றுள் எதை எடுப்பது என்பதில்தான் தயக்கம்.

முதல் வீடு நகர மையத்தில், அலுவலகத்திலிருந்து பதினைந்து நிமிட நடைத் தொலைவில் இருக்கிறது. ஒரே அறை, அதன் மூலையில் சமையலுக்கு ஓர் இடம், பெருஞ்சாலையைப் பார்த்த ஜன்னல், இவ்வளவுதான் வீடு. கைக்கு வரும் சம்பளத்தில் 38 சதவீதம் வாடகைக்கே போய்விடும். இரண்டாவது வீடு அருகிலுள்ள புறநகரில் இருக்கிறது. அதில் படுக்கையறை தவிர இன்னோர் அறையும் உண்டு. வாடகை சம்பளத்தில் 24 சதவீதம். ரயிலுக்கான மாதப் பயணச்சீட்டு இன்னும் 4 சதவீதம். வீட்டு வாசலிலிருந்து அலுவலக வாசல் வரை ஏறத்தாழ 50 நிமிடங்கள் ஆகும். வாரத்தில் மூன்று நாட்கள் அலுவலகம் செல்ல வேண்டும். மற்ற இரண்டு நாட்கள் வீட்டிலிருந்து வேலை. சொந்த வாகனம் இல்லை, வாங்கும் எண்ணமும் இல்லை.

இந்த வயதில் மையத்தில் வாழாமல் வேறு எப்போது வாழ்வது என்று உடன் பணிபுரிபவர்கள் கேட்கிறார்கள். வாடகையில் பணத்தைக் கரைக்காதே என்று வீட்டில் சொல்கிறார்கள். இரு தரப்பும் தங்கள் அனுபவத்தைச் சொல்கிறார்களே ஒழிய, எதை வைத்து ஒப்பிட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அதைத் தெரிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

மறுமொழி: கூட்டிக்கழி

வாடகையை மட்டும் ஒப்பிடாமல் பயணச்சீட்டையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறீர்கள். பலர் தவறவிடுவது அதைத்தான். சிகாகோவில் உள்ள அண்டைப்பகுதித் தொழில்நுட்ப மையம் என்ற அமைப்பு, வீட்டுச் செலவையும் போக்குவரத்துச் செலவையும் ஒன்றாகக் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகை வருமானத்தில் 45 சதவீதத்துக்குள் இருந்தால் அந்த இடம் கட்டுப்படியாகும் என்று கணிக்கிறது. அந்த அளவுகோலின்படி உங்கள் இரண்டு வீடுகளுமே தேறிவிடுகின்றன. ஆகவே எது கட்டுப்படியாகும் என்ற கேள்வி இங்கே இல்லை. கூடுதலாகக் கொடுக்கும் 10 சதவீதத்துக்கு என்ன கிடைக்கிறது என்பதே கேள்வி.

கிடைப்பது முதலில் நேரம். ஒரு வழிக்கு 35 நிமிடங்கள் மிச்சம் என்றால், மூன்று அலுவலக நாட்களுக்கு வாரத்தில் மூன்றரை மணி நேரம் மிச்சமாகிறது. வாரத்துக்கு 40 மணி நேரம் வேலை செய்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டால், அது உங்கள் வேலை நேரத்தில் 9 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. அதாவது, சம்பளத்தில் 10 சதவீதத்தைக் கொடுத்து, வேலை நேரத்தில் 9 சதவீதத்துக்கு ஈடான ஓய்வு நேரத்தை வாங்குகிறீர்கள். உங்கள் ஓய்வு நேரத்தின் ஒரு மணியை வேலை நேரத்தின் ஒரு மணிக்குச் சமமாக மதித்தால்கூட, இது சற்று நட்டமான பேரம்தான். போக்குவரத்துத் திட்டங்களை மதிப்பிடுபவர்கள் அவ்வளவு தாராளமாகக் கணக்கிடுவதில்லை. அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் வழிகாட்டுதல், உள்ளூரில் சொந்த வேலையாகச் செய்யும் பயணத்தின் ஒரு மணி நேரத்துக்கு மணிநேர வருமானத்தில் பாதியளவே மதிப்பு வைக்கிறது. அந்தக் கணக்கில் பார்த்தால், உங்களுக்கு மிச்சமாகும் நேரத்தின் மதிப்பு சம்பளத்தில் 4 சதவீதத்தைச் சற்றே தாண்டும். கொடுப்பதோ 10 சதவீதம்.

நகரப் பொருளியலில் வில்லியம் அலோன்சோ 1964இல் வகுத்துக் கொடுத்த கோட்பாடும் இதே தராசைத்தான் வைத்திருக்கிறது: மையத்தை விட்டு விலக விலக வாடகை குறையும், பயணச் செலவு கூடும், அவரவர் தமக்குப் பொருந்தும் புள்ளியில் நின்றுகொள்வார்கள். உங்கள் எண்கள் அந்தப் புள்ளி புறநகரில் இருப்பதாகவே காட்டுகின்றன. ஒரே ஓர் எச்சரிக்கை: புறநகருக்குப் போன பிறகு ஒரு கார் தேவைப்பட்டுவிட்டால், கடன் தவணை, காப்பீடு, எரிபொருள், பராமரிப்பு, வாகனம் நிறுத்தும் கட்டணம் ஆகிய எல்லாம் சேர்ந்து அந்த 10 சதவீதத்தை எளிதாக விழுங்கிவிடும்.

மறுமொழி: மாலைநடை

மேலே உள்ள கணக்கில் பிழையில்லை. ஆனால் அது ஒரு நிமிடத்தை இன்னொரு நிமிடத்துக்குச் சமமாக எடுத்துக்கொள்கிறது. அலுவலகப் பயணத்தின் நிமிடம் மற்ற நிமிடங்களைப் போன்றதன்று. உளவியலாளர் டேனியல் கானமனும் அவருடன் ஆய்வு செய்தவர்களும் டெக்சாஸில் வேலைக்குச் செல்லும் பெண்கள் ஏறத்தாழ 900 பேரிடம் ஒரு நாளின் ஒவ்வொரு செயலும் எப்படியிருந்தது என்று கேட்டுத் தொகுத்து 2004இல் வெளியிட்டபோது, பட்டியலில் மிகக் கீழே இருந்தது காலையில் வேலைக்குச் செல்லும் பயணம்தான். அலோன்சோவின் கோட்பாடு சரியென்றால், நெடுந்தூரம் பயணம் செய்பவர்களுக்குக் குறைந்த வாடகையோ கூடுதல் சம்பளமோ அதை ஈடுசெய்திருக்க வேண்டும். அவர்கள் மற்றவர்களைவிட மனநிறைவு குன்றியவர்களாக இருக்கக் கூடாது. அலாய்ஸ் ஸ்டட்சர், புரூனோ ஃபிரை ஆகிய இரு பொருளியலாளர்கள் ஜெர்மனியின் நீண்டகாலக் குடும்ப ஆய்வுத் தரவுகளைக் கொண்டு இதைச் சோதித்தார்கள். பயண நேரம் கூடக் கூட, மக்கள் தாங்களே சொல்லும் வாழ்க்கை நிறைவு குறைகிறது என்பதே அவர்கள் கண்டது. வீட்டைத் தேர்ந்தெடுக்கும்போது கூடுதல் அறை கண்ணில் படுகிறது. ஆனால் அன்றாட அலைச்சல் கண்ணில் படுவதில்லை. அதனால்தான் நாம் தொடர்ந்து ஒரே பக்கமாகத் தவறுகிறோம் என்பது என் கருத்து.

அடுத்து, 50 நிமிடம் என்பது எந்த 50 நிமிடம்? அது சராசரியா, நல்ல நாளின் கணக்கா? பத்து நிமிடத்துக்கு ஒரு ரயில் ஓடினால், நேரம் பார்க்காமல் போய் நிற்பவர் சராசரியாக ஐந்து நிமிடம் காத்திருப்பார். அரை மணிக்கு ஒரு ரயில் என்றால் பதினைந்து நிமிடம். இடையில் வண்டி மாறவேண்டியிருந்தால் இந்தக் காத்திருப்பு இன்னொரு முறை வருகிறது. ஒரு வண்டி தாமதமானால் அடுத்ததும் கைநழுவுகிறது. ஆகவே காலை ஒன்பது மணிக் கூட்டத்துக்குத் தவறாமல் போய்ச் சேர நினைப்பவர் சராசரி நேரத்தை வைத்துக் கிளம்ப முடியாது. மோசமான நாளை மனத்தில் வைத்துத்தான் நாள்தோறும் கிளம்புவார். நடந்து போகிறவருக்கோ பதினைந்து நிமிடம் என்றால் மழை நாளிலும் ஏறத்தாழ பதினைந்து நிமிடம்தான்.

இவற்றைவிட முக்கியமானது மாலை நேரம். வேலை முடிந்து ஆறு மணிக்குப் புறநகர் ரயிலில் ஏறிவிட்டவர், எட்டு மணி நிகழ்ச்சிக்காக மீண்டும் மையத்துக்கு வருவது அரிது. வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் அப்பால், மனிதர்கள் சும்மா கூடிப் பேசும் இடங்களை மூன்றாம் இடம் என்று சமூகவியலாளர் ரே ஓல்டன்பர்க் 1989இல் பெயரிட்டார். புதிதாகத் தொழிலுக்கு வந்தவருக்கு நண்பர்களும் அடுத்த வேலையைப் பற்றிய செய்தியும் பெரும்பாலும் அத்தகைய இடங்களிலிருந்தே வருகின்றன. அதே சமயம், நீங்கள் மாலையில் நேராக வீடு திரும்பிப் படிப்பவராகவோ தூங்குபவராகவோ இருந்தால், இந்த வாதம் முழுவதும் உங்களுக்குப் பொருந்தாது. கடந்த சில மாதங்களில் வேலை முடிந்த பிறகு உண்மையில் எங்கே இருந்தீர்கள் என்று எண்ணிப் பாருங்கள்; இனி எப்படி வாழ விரும்புகிறீர்கள் என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

மறுமொழி: இரண்டாம் அறை

நான் புறநகரில் வாழ்பவன். ஆகவே என் சாய்வைக் கழித்துக்கொண்டு படியுங்கள். இதுவரை பேசியவர்கள் இருவரும் அலுவலகம் செல்லும் மூன்று நாட்களைப் பற்றியே பேசினார்கள். வீட்டிலிருந்து வேலை செய்யும் இரண்டு நாட்களும் வார இறுதியின் இரண்டு நாட்களும் சேர்த்தால், வாரத்தின் பெரும்பகுதி வீட்டைச் சுற்றித்தான் கழிகிறது. உறங்கும் அறையிலேயே எட்டு மணி நேரம் வேலை செய்வது முதல் சில வாரங்களுக்குப் பெரிதாகத் தெரியாது. பிறகு கட்டிலும் மேசையும் ஒன்றையொன்று கெடுக்கத் தொடங்கும். கதவைச் சாத்திக்கொள்ளக்கூடிய இரண்டாவது அறையை ஆடம்பரம் என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

ஜன்னல் பெருஞ்சாலையைப் பார்த்திருக்கிறது என்று ஒரு வரியில் கடந்துவிட்டீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2018இல் ஐரோப்பியப் பகுதிக்காக வெளியிட்ட வழிகாட்டுதலில், சாலைப் போக்குவரத்தின் இரைச்சல் வீட்டின் வெளிப்புறத்தில் இரவு நேரச் சராசரியாக 45 டெசிபலுக்குள் இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்திருக்கிறது. நெரிசலான சாலையோர வீடுகள் இந்த அளவை எளிதாகக் கடந்துவிடும். பகலில் வீடு பார்க்கப் போகிறவருக்கு இது புலப்படுவதில்லை. இரவு பதினோரு மணிக்கு ஒருமுறை போய் அந்த ஜன்னல் அருகே நின்று பாருங்கள்.

பயணத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இத்தாலிய இயற்பியலாளர் செசாரே மார்க்கெட்டி 1994இல் எழுதிய கட்டுரையில், மனிதர்கள் நடந்து சென்ற காலத்திலும் சரி, வாகனங்களில் விரையும் காலத்திலும் சரி, சராசரியாக நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரத்தையே பயணத்துக்கு ஒதுக்கிவருகிறார்கள் என்று வாதிட்டார். மூன்று நாள் அலுவலகம் என்றால், உங்கள் பயணம் வாரத்தில் ஐந்து மணி நேரம். நாளொன்றுக்குச் சராசரி முக்கால் மணிகூட இல்லை. ஐந்து நாளாக மாறினால் அது ஒரு மணி நேரத்தைத் தாண்டிவிடும். ஸ்டட்சர், ஃபிரை ஆகியோரின் முடிவை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தரவு, பெரும்பாலோர் வாரம் முழுவதும் அலுவலகம் சென்ற காலத்தைச் சேர்ந்தது.

புறநகர்களும் எல்லாம் ஒன்றல்ல. நிலையத்திலிருந்து 800 மீட்டர், அதாவது பத்து நிமிட நடைக்குள் இருக்கும் வீட்டுக்கும், நிலையத்துக்குப் போகவே இன்னொரு வண்டி ஏற வேண்டிய வீட்டுக்கும் உள்ள வேறுபாடு, மையத்துக்கும் புறநகருக்கும் உள்ள வேறுபாட்டைவிடப் பெரிது. கடை, மருந்தகம், ஓடுவதற்கு ஒரு பூங்கா ஆகியவை நடைத் தொலைவில் உள்ளனவா என்று பாருங்கள். புதிய சாலை வரப்போகிறது, அதன்பின் நெரிசலே இருக்காது என்று தரகர் சொன்னால் அதற்காக ஒரு காசுகூடக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள். விரைவுச் சாலைகளில் உச்சநேர நெரிசல், சாலை தாங்கும் அளவுக்கு ஏற்ப வளர்ந்துவிடும் என்று பொருளியலாளர் ஆந்தனி டவுன்ஸ் 1962லேயே எழுதிவிட்டார்.

புதுக்குடி

மூவருக்கும் நன்றி. கேட்கப்பட்டவற்றுக்கு விடை தருகிறேன். புறநகர் வீடு நிலையத்திலிருந்து எட்டு நிமிட நடையில் இருக்கிறது. வண்டி மாற வேண்டியதில்லை. உச்சநேரத்தில் பத்து நிமிடத்துக்கு ஒரு ரயில் உண்டு. மாலைநடை சொன்னதுபோல் எண்ணிப் பார்த்தேன்: வேலை நாட்களில் மாலைகளைப் பெரும்பாலும் வீட்டில்தான் கழித்திருக்கிறேன், நண்பர்களைப் பார்ப்பது வார இறுதியில், அதுவும் மையத்தில் அல்ல. ஆகவே புறநகரின் பக்கம் சாய்கிறேன். மூன்று நாள் ஏற்பாடு மட்டும் உறுத்துகிறது. அது மேலாளர் வாய்மொழியாகச் சொன்னதே தவிர, பணி ஒப்பந்தத்தில் இல்லை.

மறுமொழி: நான்காம் தளம்

அது வெறும் உறுத்தலோடு நின்றுவிடக் கூடாது. முடிவே அதன்மேல்தான் நிற்கிறது. ஐந்து நாட்களும் வரச் சொன்னால், நடந்து போகும் வீட்டோடு ஒப்பிடும்போது வாரத்தில் இழக்கும் நேரம் மூன்றரை மணியிலிருந்து ஏறத்தாழ ஆறு மணியாகிவிடும். மனிதவளத் துறைக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி, நடைமுறையில் உள்ள விதியை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அது நாளை மாறலாம் என்றாலும், இன்று என்ன இருக்கிறது என்பதாவது தெரியும்.

இன்னொன்று வேலை மாற்றம். பெரும்பாலான நகரங்களில் ரயில் பாதைகள் மையத்திலிருந்து பல திசைகளுக்குப் பிரிகின்றன. மையத்தில் குடியிருப்பவருக்கு எந்தத் திசையில் புதிய வேலை கிடைத்தாலும் ஒரே வண்டியில் போக வாய்ப்பிருக்கிறது. ஒரு பாதையின் நுனியில் குடியிருப்பவருக்கு எதிர்த் திசையில் வேலை கிடைத்தால், மையம் வரை வந்து, அங்கிருந்து மீண்டும் வெளியே போக வேண்டும். இரண்டு ஆண்டுகளுக்குள் வேலை மாறும் எண்ணம் இருந்தால், வாடகையில் சிறிது பேரம் பேசி மிச்சப்படுத்துவதைவிட ஒப்பந்தக் காலத்தைக் குறைப்பதில் உங்கள் பேரத் திறமையைக் காட்டுங்கள். ஓராண்டுக்கு மேல் கட்டிப்போடும் ஒப்பந்தத்தில் கையெழுத்திடாதீர்கள். இடையில் காலி செய்ய எத்தனை மாத முன்னறிவிப்பு வேண்டும், முன்பணத்தில் எதையெல்லாம் பிடித்துக்கொள்வார்கள் என்பவை ஒப்பந்தத்திலேயே தெளிவாக எழுதப்பட்டிருக்க வேண்டும்.

புதுக்குடி

மனிதவளத் துறைக்கு இன்றே எழுதுகிறேன். புறநகர் வீட்டின் உரிமையாளர் இரண்டு ஆண்டு ஒப்பந்தம் கேட்கிறார். ஓராண்டாகக் குறைத்தால் வாடகையைச் சற்று உயர்த்துவேன் என்கிறார். உயர்த்தினாலும் மொத்தம் 30 சதவீதத்தைத் தாண்டாது என்பதால், அதற்கு ஒப்புக்கொள்ளலாம் என்றிருக்கிறேன்.

மறுமொழி: நான்காம் தளம்

ஒப்புக்கொள்ளலாம். ஓராண்டு முடிந்த பின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது வாடகையை எவ்வளவு வரை உயர்த்தலாம் என்பதற்கும் ஒரு வரம்பை இப்போதே எழுதச் சொல்லுங்கள்.