வாட்ஸ் மை லைன்: அட்டையைப் புரட்டிவிட்டால் ஜெயித்ததாகிவிடுமா?

கினஸ்கோப்: ‘50 டாலர் வாங்கிய விருந்தினர் எல்லாரும் குழுவைத் தோற்கடித்தவர்கள்’ என்று இங்கே ஒரு பட்டியல் போட்டிருக்கிறார்கள். பார்த்தாலே பற்றிக்கொண்டு வருகிறது. ‘வாட்ஸ் மை லைன்’ பழைய அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டி; ‘ஆம்’, ‘இல்லை’ என்று பதில் வரும் கேள்விகளைக் கேட்டே குழு விருந்தினரின் தொழிலைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு ‘இல்லை’க்கு ஒரு அட்டை, அட்டைக்கு 5 டாலர், பத்து விழுந்தால் 50. ஆனால் நேரம் முடிந்துவிட்டால் நிகழ்ச்சியை நடத்தும் ஜான் டேலி மிச்ச அட்டைகளையும் தானே புரட்டிவிடுவார். நாலு ‘இல்லை’யில் நின்றவரும் 50 டாலரோடுதான் போவார். பத்து ‘இல்லை’ விழுந்ததா? அதைச் சொல்லுங்கள்.

ஞாயிறு பத்தரை: பட்டியல் என்னுடையது, பெயர் சொல்லியே திட்டலாம். தொழிலைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்றால் குழு தோற்றதுதானே? நேரடி ஒளிபரப்பு, மொத்தமே அரை மணி. நேரம் போனது விருந்தினர் குற்றமா?

கினஸ்கோப்: குற்றம் என்று யார் சொன்னது? பத்து ‘இல்லை’ விழுந்ததா?

கண்கட்டு: நட்சத்திர விருந்தினர் ஆட்டத்தை இதில் சேர்க்கவே கூடாது. வருபவர் பிரபலம், அதனால் குழு கண்ணைக் கட்டிக்கொண்டு ஆளையே கண்டுபிடிக்கும். 1955 ஏப்ரலிலிருந்து, பதில் எதுவானாலும் ஆளுக்கு ஒரு கேள்வி, அடுத்தவருக்குப் போய்விடும். சாதாரண ஆட்டத்தில் ‘இல்லை’ வரும்வரை ஒருவரே கேட்டுக்கொண்டே போகலாம். இரண்டுக்கும் ஒரே கணக்கா?

கினஸ்கோப்: அதைவிட முக்கியம், ‘இல்லை’யை முடிவு செய்பவரே டேலி. 1957இல் ஓவியர் சால்வடோர் டாலி எதைக் கேட்டாலும் ‘ஆம்’ என்றார். கதாநாயகனா என்றதற்கும் ‘ஆம்’. டேலி குறுக்கே புகுந்து திருத்த வேண்டியதாயிற்று. கேள்வி இரண்டுங்கெட்டானாக இருந்தால் விருந்தினரோடு காதோரம் பேசிவிட்டு, நீளமாக விளக்கிவிட்டுத்தான் அட்டையில் கை வைப்பார். அப்படிப் பார்த்துப் பார்த்து எண்ணியதையும் கடைசியில் மொத்தமாகப் புரட்டியதையும் ஒரே பத்தியில் போடுகிறீர்களே, நியாயமா?

ஞாயிறு பத்தரை: முதல் நட்சத்திர விருந்தினர், பேஸ்பால் வீரர் பில் ரிசூட்டோ வந்தது 1951 என்று போன இழையில் எழுதியவர் எனக்கு நியாயம் சொல்ல வருகிறார்.

கினஸ்கோப்: 1951 என்று எழுதியது கண்கட்டு. அது 1950 பிப்ரவரி 2, முதல் நிகழ்ச்சியே. அன்றே திருத்தியவன் நான். பேச்சை மாற்றாதீர்கள்.

கண்கட்டு: என்னை ஏன் இழுக்கிறீர்கள்? ‘ரொட்டிப் பெட்டியைவிடப் பெரியதா’ என்று பொருளின் அளவைக் கேட்கும் கேள்வி குழுவிலிருந்த பென்னட் செர்ஃபுடையது என்று எழுதியவரை யாரும் கேட்கவில்லை. அது குழுவிலிருந்த இன்னொருவர், ஸ்டீவ் ஆலன் கொண்டுவந்தது.

ஞாயிறு பத்தரை: செர்ஃபும் கேட்டிருப்பார்.

கண்கட்டு: கேட்பது வேறு, கொண்டுவருவது வேறு.

கினஸ்கோப்: ரொட்டிப் பெட்டிக்குத் தனி இழை போடுங்கள். பட்டியலைச் சரிசெய்வது சுலபம். பதிவை ஓட்டி, புரட்டிய அட்டையை எண்ணுங்கள். ஒவ்வொன்றாக விழுந்தால் ஒரு பத்தி. டேலி கையால் ஒரேயடியாகத் தள்ளினால் இன்னொரு பத்தி. ஆரம்ப ஆண்டுகளின் பதிவுகள் பல அழிந்துவிட்டன, அவற்றைக் காலியாக விடுங்கள். அழிந்த நிகழ்ச்சிக்கும் 50 என்று போட்டிருக்கிறீர்களே, எந்த அட்டையை எண்ணினீர்கள்?

ஞாயிறு பத்தரை: பட்டியல் அப்படியேதான் இருக்கும். பணம் கொடுத்தது நிகழ்ச்சி, நான் இல்லை.

கினஸ்கோப்: பணத்தை யார் கேட்டது? பத்து ‘இல்லை’ விழுந்ததா?

கண்கட்டு: செர்ஃப் ரொட்டிப் பெட்டிக் கேள்வியைக் கேட்ட நிகழ்ச்சியின் தேதி இன்னும் வரவில்லை.