'அறுவடை' வேண்டாம், 'வேட்டைப்பாடு' என்போமா?

அன்புள்ள குழுவினருக்கு,

அமெரிக்க வனவிலங்குத் துறைகளின் அறிக்கைகளில், வேட்டையில் கிடைத்த விலங்கு, பறவைகளின் எண்ணிக்கையைக் குறிக்க வரும் 'ஹார்வெஸ்ட்' என்ற சொல்லுக்குத் தமிழில் 'அறுவடை' போதும் என்று ஐயா எழுதியிருந்தார். எனக்கு மனம் ஒப்பவில்லை. விதைத்தவர் அறுப்பதுதான் அறுவடை. காட்டு வாத்தை யார் விதைத்தார்கள்? அதைவிடப் பெரிய சிக்கல், வெறுங்கையோடு திரும்பியவருக்கு அந்தச் சொல்லில் இடமே இல்லை.

கணக்கெடுப்பவர்களுக்கோ அவர்தான் முக்கியம். வலசைப் பறவை வேட்டைக்குப் போகிறவர் ஆண்டுதோறும் தம் மாநிலத்தில் பெயர் பதிய வேண்டும். ஹவாய் நீங்கலாக எல்லா மாநிலங்களிலும் 1998 முதல் இதுதான் நடைமுறை. அந்தப் பட்டியலிலிருந்து நடுவண் அரசின் மீன், வனவிலங்குத் துறை சிலரைப் பொறுக்கி, எந்தெந்த நாள் போனீர்கள், எத்தனை கிடைத்தது என்று கேட்கிறது. நிறையச் சுட்டவர் ஆசையாகப் பதில் எழுதுவார். ஒன்றும் கிடைக்காதவர், 'நான் எழுதி என்ன ஆகப்போகிறது' என்று விட்டுவிடுவார். அப்படி விட்டால், பதில் எழுதியவர்களை வைத்தே எல்லோருக்கும் கணக்குப் போடுவதால், மொத்தக் கணக்கு உண்மையைவிட ஏறிப்போகும்.

நம் கடற்கரையில் இதற்குச் சொல் இருக்கிறது: 'பாடு', அதாவது அன்றைக்குக் கிடைத்த மீன். கரையேறிய வள்ளத்தைப் பார்த்து, "பாடு எப்படி?" என்பார்கள். "இன்றைக்குப் பாடு இல்லை" என்பதும் முழுமையான பதில்தான். மீன்பாடு போல வேட்டைப்பாடு. பொறி வைத்துப் பிடித்தால் பொறிப்பாடு.

இன்னொன்று, 'சிறகு உறை'. தபால் செலவை அரசே ஏற்கும் உறை ஒன்று வேட்டைக்காரருக்கு வரும். சுட்ட ஒவ்வொரு வாத்திலும் ஒரு சிறகை வெட்டி, நாளும் இடமும் எழுதி அனுப்புவார். பருவம் முடிந்ததும் உயிரியலாளர்கள் கூடி உட்கார்ந்து, மேசையில் சிறகுகளை விரித்து, இனம், ஆணா பெண்ணா, இளசா முதிர்ந்ததா என்று பார்ப்பார்கள். இளம் பறவைக்குச் சில இறகுகளின் ஓரம் நைந்திருக்கும். இளசு எத்தனை பங்கு என்பதிலிருந்து அந்த ஆண்டு குஞ்சுகள் எவ்வளவு தேறின என்று தெரிந்துவிடும். அந்தக் கூடுகைக்குச் 'சிறகாய்வு' என்று வைக்கலாம்.

சுட்டு விழுந்தும் கைக்குக் கிடைக்காத பறவையைத் தனியாகக் கேட்கிறார்கள். அது வேட்டைப்பாட்டில் சேராது. 'கைசேரா இழப்பு' சரியாக வருமா?

---

தம்பி, 'கைசேரா இழப்பு' நன்று. ஆனால் பாடு என்றால் உழைப்பும்தானே? 'பாடுபட்டான்' என்கிறோம். உழைப்பையும் அதே படிவத்தில் கேட்கிறார்களே, குழம்பாதா?

---

தனியாக நின்றால் குழம்பும் ஐயா, ஒத்துக்கொள்கிறேன். அதனால் 'பாடு' என்று மொட்டையாக எழுத வேண்டாம். முன்னொட்டோடுதான் ஆள வேண்டும். உழைப்புக்கு 'முயற்சி' இருக்கட்டும். பொறிக்காரர்களின் முயற்சிக்கு 'பொறியிரவு' என்பது அளவாகும். பத்துப் பொறியை ஐந்து இரவு வைத்தால் 50 பொறியிரவு. அதில் இரண்டு ரக்கூன் (அமெரிக்கக் காட்டு விலங்கு) விழுந்தால் பொறிப்பாடு 2. ஒன்றும் விழாவிட்டால் பொறிப்பாடு 0 என்று எழுத வேண்டும்; கட்டத்தைக் காலியாக விடக் கூடாது.