எலக்ட்ரான் கூடக் கூட அணு ஏன் சிறுக்கிறது?

இரவுப்பாடம்:

வணக்கம். வேதியியலை விட்டு இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. கணக்கு எழுதுவது என் வேலை. மகள் இப்போது படிக்கத் தொடங்கியிருப்பதால் அவளோடு சேர்ந்து நானும் முதலிலிருந்து படிக்கிறேன். பருப்பொருள், தனிமம், சேர்மம், கலவை எல்லாம் தடையில்லாமல் போயின. அணு எண், நிறை எண் வரைக்கும்கூடச் சரி. தனிம வரிசை அட்டவணைக்கு வந்ததும் நின்றுவிட்டேன்.

புத்தகத்தில் இரண்டு அம்புக்குறி போட்டிருக்கிறார்கள். இடமிருந்து வலமாகப் போனால் அணு ஆரம் குறையும், மேலிருந்து கீழே வந்தால் கூடும். மகள் அதை அப்படியே மனப்பாடம் செய்துவிட்டாள். எனக்கு மனம் ஒப்பவில்லை. லித்தியத்தில் 3 எலக்ட்ரான், ஃபுளூரினில் 9. பைக்குள் பொருளைப் போடப் போட பை புடைக்கத்தானே வேண்டும்? ஆரமோ 128 பிக்கோமீட்டரிலிருந்து 57-க்கு இறங்குகிறது. பாதிக்கும் கீழே!

"புரோட்டானும் கூடுகிறதே, அது இழுக்கிறது" என்றாள் மகள். ஒரு புரோட்டான் கூடினால் கூடவே ஒரு எலக்ட்ரானும் கூடுகிறது. வரவு ஒன்று, செலவு ஒன்று. அப்படியென்றால் இருப்பு மாறக்கூடாதே?

இன்னொன்றும் கண்ணில் பட்டது. ஆர்கானின் அணு நிறை 39.95, அதற்கு அடுத்து வரும் பொட்டாசியத்துக்கு 39.10. கனமானது முன்னால் நிற்கிறது. அச்சுப்பிழையோ என்று வேறு புத்தகத்திலும் பார்த்தேன். அதே எண்கள்தான்.

படிகம்:

ஆர்கான் விஷயத்துக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன். அச்சுப்பிழை இல்லை. மெண்டலீவ் 1869-ல் நிறையை வைத்துத்தான் தனிமங்களை அடுக்கினார். ஆர்கான் அப்போது தெரியாது, அதைக் கண்டுபிடித்தது 1894-ல். ஆனால் டெல்லூரியமும் அயோடினும் அவருக்கு இதே சிக்கலைக் கொடுத்தன. கனமான டெல்லூரியத்தை, குணத்தைப் பார்த்து, அயோடினுக்கு முன்னால் வைத்தார்.

காரணம் 1913-ல் வெளிப்பட்டது. மோஸ்லி என்ற இயற்பியலாளர் ஒவ்வொரு தனிமமும் வெளியிடும் எக்ஸ் கதிரின் அதிர்வெண்ணை அளந்தார். அதன் வர்க்கமூலம் தனிமத்துக்குத் தனிமம் ஒரே உயரப் படியாக ஏறியது. அந்தப் படியின் எண்தான் அணு எண், அதாவது புரோட்டான்களின் எண்ணிக்கை. ஆர்கானுக்கு 18, பொட்டாசியத்துக்கு 19. நிறை மாறியது நியூட்ரானால்: ஆர்கான் அணுக்களில் பெரும்பாலானவற்றில் 22 நியூட்ரான், பொட்டாசியத்தில் 20.

கரும்பலகை:

நான் பல வருடம் வேதியியல் பாடம் எடுத்தவன். "வரவு ஒன்று, செலவு ஒன்று" என்று கேட்டிருக்கிறீர்களே, அந்தக் கேள்வி என் வகுப்பில் வராதா என்று ஏங்கியிருக்கிறேன். வரவு ஒன்றுதான். செலவுதான் ஒன்று இல்லை, ஏறக்குறைய 0.35.

முதலில் அந்தப் பையை விட்டுவிடுங்கள். அணுவுக்குச் சுவர் கிடையாது. எலக்ட்ரான்கள் உட்கருவிலிருந்து எவ்வளவு தள்ளி உலவுகின்றனவோ அதுதான் அணுவின் அளவு. ஓரம் என்று ஒன்று இல்லாததால், பிணைந்த இரண்டு அணுக்களின் உட்கருக்களுக்கு நடுவே உள்ள தூரத்தை அளந்து பாதியாக்கிக்கொள்கிறோம். அதனால்தான் உலோக லித்தியத்தில் அளந்த புத்தகம் 152 என்று போடும், சகப்பிணைப்பு ஆரம் தரும் புத்தகம் 128 என்று போடும். இரண்டும் சரி.

இப்போது ஃபுளூரினின் வெளிக்கூட்டில், அதாவது எலக்ட்ரான் அடுக்குகளில் கடைசியானதில், உள்ள எலக்ட்ரான்களில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். உட்கருவில் 9 புரோட்டான் அதை இழுக்கின்றன. மற்ற 8 எலக்ட்ரான்களும் அதைத் தள்ளுகின்றன. ஆனால் எல்லாம் ஒரே வலுவோடு தள்ளுவதில்லை. உள்கூட்டில் இருக்கும் 2 எலக்ட்ரான்கள் உட்கருவுக்கும் இதற்கும் இடையில் நிற்கின்றன. ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு முழுப் புரோட்டானின் இழுப்பை மறைத்துவிடும். அதே கூட்டில் இருக்கும் மற்ற 6-ம் பக்கத்தில்தான் இருக்கின்றன, குறுக்கே இல்லை. பக்கத்தில் இருப்பவன் எவ்வளவு மறைப்பான்?

இதற்கு ஸ்லேட்டர் 1930-ல் ஒரு தோராயக் கணக்கு கொடுத்தார். வெளிக்கூட்டின் எலக்ட்ரானுக்கு, அதே கூட்டில் இருப்பது 0.35 மறைக்கும், ஒரு கூடு உள்ளே இருப்பது 0.85, அதற்கும் உள்ளே என்றால் முழுசாக 1. லித்தியத்துக்குப் போட்டுப் பாருங்கள்: 3-லிருந்து 2 × 0.85 போக மீதி 1.30. ஃபுளூரினுக்கு 9-லிருந்து 1.70-ம், 6 × 0.35 ஆக 2.10-ம் போனால் மீதி 5.20. இந்த மீதிக்குப் பெயர்தான் செயலுறு அணுக்கரு மின்சுமை. இழுப்பு நான்கு மடங்கு. எலக்ட்ரான் மேகம் உள்ளே சுருங்காமல் என்ன செய்யும்?

கீழே வரும் அம்புக்குறிக்கும் இதே கணக்குதான். சோடியத்துக்கும் பொட்டாசியத்துக்கும் போடுங்கள், இரண்டுக்கும் 2.20 வரும். இழுப்பு அதேதான். ஆனால் பொட்டாசியத்தில் அந்தக் கடைசி எலக்ட்ரான் இன்னொரு கூடு தள்ளி இருக்கிறது. அதனால் உலோக ஆரம் 186-லிருந்து 227 ஆகிறது. எலக்ட்ரானைப் பிடுங்கத் தேவையான ஆற்றலும் 496-லிருந்து 419 கிலோஜூலாகக் குறைகிறது, ஒரு மோலுக்கு.

இரவுப்பாடம்:

நன்றி சார். நேற்று இரவு நானும் மகளும் 3-லிருந்து 9 வரை எல்லாவற்றுக்கும் போட்டோம். 1.30, 1.95, 2.60, 3.25, 3.90, 4.55, 5.20. ஒவ்வொரு அடிக்கும் 0.65 ஏறுகிறது. வரவு 1, செலவு 0.35. கணக்கு நேரானதும் எனக்கு அவ்வளவு நிம்மதி.

அப்புறம் அவள் அதே ஏழு தனிமங்களுக்கும் அயனியாக்கும் ஆற்றலை, அதாவது நீங்கள் சொன்ன அந்த எலக்ட்ரானைப் பிடுங்கும் ஆற்றலை, வரைபடமாகப் போட்டாள். 520, 899, 801, 1086, 1402, 1314, 1681. இழுப்பு சீராக ஏறினால் கோடும் சீராக ஏற வேண்டும். போரானிலும் ஆக்சிஜனிலும் பள்ளம் விழுகிறது. "விதிவிலக்கு" என்று மட்டும் புத்தகம் சொல்கிறது.

கரும்பலகை:

அந்தச் சொல்லை நான் வகுப்பில் பயன்படுத்தியதே இல்லை. ஸ்லேட்டர் கணக்கு இரண்டாம் கூட்டை ஒரே அறையாகப் பார்க்கிறது. உள்ளே அறை பிரிந்திருக்கிறது என்று அந்தப் பள்ளங்கள்தான் காட்டிக்கொடுக்கின்றன.

பெரிலியத்தின் கடைசி இரண்டும் 2எஸ் ஆர்பிட்டாலில், அதாவது இரண்டாம் கூட்டின் எஸ் என்ற அறையில், இருக்கின்றன. போரானின் ஐந்தாவது எலக்ட்ரான் 2பி-க்குப் போக வேண்டும். 2பி-யின் ஆற்றல் சற்று அதிகம், 2எஸ் அதை ஓரளவு மறைக்கவும் செய்கிறது. அதனால் எடுப்பது சுலபம். நைட்ரஜனில் மூன்று 2பி ஆர்பிட்டாலிலும் ஆளுக்கு ஒன்று. ஆக்சிஜனில் நான்காவது வரும்போது, ஏற்கெனவே ஒன்று இருக்கும் ஆர்பிட்டாலிலேயே இதுவும் நுழைய வேண்டும். ஒன்றையொன்று தள்ளும். அதனால் அதில் ஒன்று எளிதாக வெளியே வந்துவிடும்.

உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். சோடியத்தின் 11 எலக்ட்ரான்களையும் ஒவ்வொன்றாகப் பிடுங்க ஆகும் ஆற்றல் இவை: 496, 4562, 6910, 9543, 13,354, 16,613, 20,117, 25,496, 28,932, 1,41,362, 1,59,076. புத்தகத்தை மூடி வைத்துவிட்டு இந்த எண்களை மட்டும் பாருங்கள்.

உப்புக்கல்:

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். அந்த முதல் எண்ணைப் பார்த்ததும் சொல்லத் தோன்றுகிறது. "எட்டு எலக்ட்ரான் வேண்டும் என்று சோடியம் தானாகவே ஒன்றைக் கொடுத்துவிடுகிறது" என்று பல வருடம் நம்பியிருந்தேன். தானாகக் கொடுப்பதில்லை, 496 கிலோஜூல் செலவழித்துப் பிடுங்க வேண்டும். அதைக் குளோரின் வாங்கிக்கொள்ளும்போது 349 திரும்பக் கிடைக்கும். அதற்குப் பிறகும் 147 நஷ்டம்தான். சோடியம் அயனிகளும் குளோரைடு அயனிகளும் நெருங்கிப் படிகமாக அடுக்கும்போது வெளிவரும் சுமார் 787-தான் நஷ்டத்தை அடைத்து மிச்சமும் வைக்கிறது. சோடியத்தை ஆவியாக்கவும் குளோரின் மூலக்கூற்றை உடைக்கவும் தனிச் செலவு உண்டு, அதையும் அந்த மிச்சம் தாங்கும்.

இரவுப்பாடம்:

உப்புக்கல், உங்கள் கணக்கை மகளின் நோட்டில் வரவு செலவாகவே எழுதி வைத்துவிட்டேன்.

சார், எண்களைப் பார்த்தோம். முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் நடுவே ஒன்பது மடங்குக்கு மேல் தாவுகிறது. ஒன்பதாவதுக்கும் பத்தாவதுக்கும் நடுவே ஏறக்குறைய ஐந்து மடங்கு. வேறெங்கும் இரண்டு மடங்கைக்கூடத் தொடவில்லை. தாவும் இடத்தில் கோடு போட்டால் 1, 8, 2 என்று பிரிகிறது. சோடியத்தின் எலக்ட்ரான்கள் கூடுகளில் இருக்கும் விதத்தை உள்ளிருந்து வெளியே 2, 8, 1 என்று இத்தனை நாள் சும்மா எழுதிக்கொண்டிருந்தோம், அது இந்த எண்களுக்குள்ளேயே இருக்கிறது! மகள் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

தொழில் பழக்கத்தில் நான் நடுவிலிருக்கும் எட்டுக்கும் வித்தியாசம் எடுத்தேன். 2348, 2633, 3811, 3259, 3504, 5379, 3436. இதில் 3811-ம் 5379-ம் மட்டும் துருத்திக்கொண்டு நிற்கின்றன. முதலாவது, எட்டில் மூன்று போன பிறகு. இரண்டாவது, ஆறு போன பிறகு. இவை அந்த ஆக்சிஜன், போரான் பள்ளங்களேதானா?

கரும்பலகை:

அவையேதான். மூன்று போனதும் 2பி-யில் ஆளுக்கு ஒன்றுதான் மிச்சம், தள்ளுவதற்கு ஜோடி இல்லை. அதனால் அடுத்ததை எடுக்கக் கூடுதல் செலவு. ஆறும் போனதும் 2பி காலி, 2எஸ்-ஸில் கை வைக்க வேண்டும். வித்தியாசம் எடுத்துப் பாருங்கள் என்று அடுத்த வேலையாகச் சொல்ல இருந்தேன். மெக்னீசியத்தின் 12 எண்களை நாளை இரவு அனுப்புகிறேன். கோடுகள் எங்கே விழும் என்று மகளை முன்கூட்டியே எழுதி வைக்கச் சொல்லுங்கள்.