‘மெஷர் ஃபார் மெஷர்’: டியூக் எந்தப் பக்கம்?

மாடிப்படி:
ஷேக்ஸ்பியரின் இந்த நாடகத்தை இரண்டாவது முறையாகப் படித்து முடித்தேன். முதல் தடவை ஏஞ்சலோ மேல்தான் கோபம் வந்தது. கூடப்பிறந்த கிளாடியோ உயிரோடு இருக்க வேண்டுமானால் என் ஆசைக்கு இணங்கு என்று, கன்னியாஸ்திரி ஆகப்போகிற இசபெல்லாவிடம் பேரம் பேசுகிறவன் அவன். இந்தத் தடவை எரிச்சலெல்லாம் வியன்னாவை ஆளும் டியூக் மேல். 14 வருஷம் சட்டத்தைத் தூங்கவிட்டவர் அவர். திடீரென்று கண்டித்தால் கெட்ட பேர் வரும் என்று அந்த வேலையைத் தன் பிரதிநிதி ஏஞ்சலோ தலையில் கட்டிவிட்டு, துறவி வேஷத்தில் வியன்னாவுக்குள்ளேயே சுற்றுகிறார். இவரையா நீதியின் பக்கம் என்பது?

விதைநெல்:
டியூக்கை விடுங்கள், முதல் அங்கத்தில் விபச்சார விடுதி வேலைக்காரன் பாம்பி சொல்வதைக் கவனித்தீர்களா? புறநகரில் இருக்கும் விபச்சார விடுதிகளையெல்லாம் இடிக்க உத்தரவு. நகருக்குள் இருப்பவை? அவற்றை விதைக்கு விட்டுவைத்திருக்கிறார்களாம், யாரோ ஒரு பெரிய மனிதர் பரிந்து பேசினாராம்! ஊர் எப்படி நடக்கிறது என்பது அந்த ஒரு வரியிலேயே தெரிந்துவிடுகிறது. அதே ஊரில் கிளாடியோ, தான் கல்யாணம் செய்யவிருந்த பெண்ணைக் கர்ப்பமாக்கியதற்குத் தலையைக் கொடுக்க வேண்டும்.

பழைய வக்கீல்:
டியூக் இல்லையென்றால் கிளாடியோ செத்திருப்பான், அதையும் சொல்லுங்கள். இசபெல்லா இணங்கிவிட்டாள் என்று நம்பிய பிறகும் ஏஞ்சலோ ஆணை அனுப்புகிறான்: 4 மணிக்குள் தலையை வெட்டு, 5 மணிக்குள் எனக்கு அனுப்பு. அதைத் தடுத்தவர் டியூக்தான். அப்புறம், 1604 டிசம்பர் 26 அன்று ஜேம்ஸ் மன்னரின் அரண்மனையில் நடந்த நாடகம் இது. அதற்கு முந்தைய வருஷம்தான், முடிசூட லண்டனுக்கு வரும் வழியில் நியூவார்க்கில் ஒரு திருடனை விசாரணையே இல்லாமல் தூக்கில் போடச் சொன்னார் அந்த மன்னர். அவர் முன்னால் ஆட்சியாளனை எவ்வளவுதான் குத்திக்காட்ட முடியும்?

கடைசி பெஞ்ச்:
தடுத்தார், சரி, எப்படித் தடுத்தார்? கிளாடியோவுக்குப் பதில் பர்னார்டைன் என்ற கைதியின் தலையை அனுப்பப் பார்த்தார். அந்த ஆளோ, ராத்திரி முழுக்கக் குடித்திருக்கிறேன், இன்றைக்கு யார் சொன்னாலும் சாக மாட்டேன் என்று திரும்பிப் போய்விடுகிறான். எனக்கு நாடகத்திலேயே பிடித்த இடம் அதுதான். அதிகாரம், மதம், தந்திரம் எதுவும் ஒரு குடிகாரனிடம் செல்லுபடியாகவில்லை. ரகோசைன் என்ற கொள்ளைக்காரன் அன்று காலையில் காய்ச்சலில் செத்ததால், அவன் தலையை அனுப்பி டியூக் பிழைத்தார்.

மாடிப்படி:
வக்கீல் சார், அந்த 4 மணி ஆணையை நான் சுத்தமாக மறந்துவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முடிவைப் பாருங்கள். கொல்லச் சொன்ன ஏஞ்சலோவுக்கு மன்னிப்பு, அவன் முன்பு நிச்சயம் செய்து கைவிட்ட மரியானாவோடு கல்யாணம். முதுகுக்குப் பின்னால் டியூக்கைப் பற்றிக் கதை கட்டிய லூசியோவுக்குத்தான் சவுக்கடி, தூக்கு என்று மிரட்டல்; பிறகு அதை விட்டுவிட்டு, அவன் பிள்ளை கொடுத்து ஏமாற்றிய பெண்ணையே கட்டி வைக்கிறார். இசபெல்லாவிடம் தன்னைக் கல்யாணம் செய்துகொள்ளும்படி டியூக் இரண்டு தடவை கேட்கிறார். அவளுக்கு ஷேக்ஸ்பியர் ஒரு வரி பதில்கூட எழுதவில்லை. மேடையில் அந்த இடத்தை எப்படி நடித்துப் பார்த்திருக்கிறீர்கள்? கையைப் பிடிக்கிறாளா, திரும்பி நடக்கிறாளா?