மகளோடு பார்க்க இசை அனிமே ஒன்று சொல்லுங்களேன்

பத்து வயது மகளோடு 'சவுண்ட்! யூஃபோனியம்' முதல் சீசன் (2015, 13 எபிசோடு) பார்த்து முடித்தேன். கியோட்டோ பக்கம் ஊஜியில் ஒரு பள்ளி பேண்ட் குழுவின் கதை. அதில் இசையின் ஒரு பகுதியை வாசிக்க வேண்டாம் என்று வாத்தியார் சொல்லிவிட, கதாநாயகி குமிகோ பாலத்தில் அழுதுகொண்டே ஓடுவாளே, அங்கே இவள் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

சரி, அடுத்து என்ன போடலாம்? 'யுவர் லை இன் ஏப்ரல்' 22 எபிசோடும் நான் தனியாகப் பார்த்தாயிற்று. பியானோவும் வயலினும் அருமைதான், ஆனால் பியானோ வாசிக்கும் பையன் கோசெயை அவன் அம்மா பிரம்பால் அடிப்பதை இவள் தாங்குவாளா? பிள்ளைகளோடு பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள். வேறு தொடர் இருந்தாலும் சரி, கொஞ்சம் அழ வைத்தால் பரவாயில்லை. சப்டைட்டில் வேகமாக ஓடினால் இவளுக்குப் படிக்க வராது, அப்புறம் நான்தான் வாசித்துக் காட்ட வேண்டும்.