போட்டு வயர்லெஸ்: நீள ஆண்டெனாவா, தடி கேபிளா?

முதுநகர்_போட்டு:
எல்லாருக்கும் வணக்கம். கடலூர் முதுநகர்ல நிக்குது நம்ம மீன்பிடி போட்டு. 52 அடி, மரம். ஜூன் 14 ராத்திரியோட தடைக்காலம் முடியுது, அதுக்குள்ள வயர்லெஸ் வேலையை முடிச்சாகணும். செட் 25 வாட் விஎச்எஃப், போட்டுக்குப் போட்டு பேசுற கடல் ரேடியோ. மாஸ்ட்ல தண்ணியிலேர்ந்து 5 மீட்டர் உயரத்துல 3 டெசிபல் ஆண்டெனா (டெசிபல்னா சக்தி கூடுறது, குறையறதோட அளவு), 1 மீட்டர் நீளம். கேபிள் மெல்லிசு, ஆர்ஜி-58. டெக்குக்கு அடியில சுத்தி கேபினுக்கு வர்றதுக்கு 14 மீட்டர். போட்டு 5 வருசம் ஆச்சு.

போன தை மாசம் கியர் உடைஞ்சு நடுக்கடல்ல நின்னோம். 8 நாட்டிக்கல் மைல் தள்ளி நின்ன எங்க ஊர் போட்டு பேசுறது எனக்குத் தெளிவா கேட்டுது. நான் கத்துறது அவங்களுக்குக் கேக்கவே இல்ல. நாலு மணி நேரம் கழிச்சு நடுவுல வந்த இன்னொரு போட்டுதான் சேதி சொல்லிச்சு. கூட என் பையன் இருந்தான். அந்த நாலு மணி நேரம் எனக்கு இன்னும் மறக்கல.

இப்ப 6 டெசிபல் நீள ஆண்டெனா வாங்கவா, ஆர்ஜி-213 தடி கேபிள் வாங்கவா? ரெண்டுல ஒண்ணுக்குத்தான் கையில காசு.

மடிவலை_60:
ஆண்டெனா வாங்குங்க, யோசிக்கவே வேணாம். நான் கணக்கோட சொல்றேன். 150 மெகாஹெர்ட்ஸ் பக்கத்துல ஆர்ஜி-58 நூறு மீட்டருக்குச் சுமார் 20 டெசிபல் தின்னும். உங்க 14 மீட்டருக்கு 2.8. செட்ல 25 வாட் கிளம்பினா மேல 13 வாட் போய்ச் சேரும். ஆர்ஜி-213 நூறு மீட்டருக்குச் சுமார் 9, உங்களுக்கு 1.3 ஆகும், மேல 18 வாட்டுக்குக் கொஞ்சம் கூட. ஆகக் கேபிள் மாத்தி நீங்க சம்பாதிக்கிறது ஒன்றரை டெசிபல். ஆண்டெனா மாத்தினா 3 டெசிபல், அதாவது இரட்டிப்பு. அதுவும் பேசுறதுக்கு மட்டும் இல்ல, கேக்குறதுக்கும் சேர்த்து. ஒரே காசுக்கு எது மேல்னு நீங்களே பாருங்க.

தேங்காய்த்திட்டு_ஒயரிங்:
அண்ணே, கணக்கு சரி. ஆனா அது கடையில சுருளா இருக்குற புதுக் கேபிளோட கணக்கு. 5 வருசம் உப்புத் தண்ணியில ஊறின கேபிளுக்கு எந்த அட்டவணையும் கிடையாது. நான் தேங்காய்த்திட்டு துறைமுகத்துல வருசத்துக்கு எத்தனையோ போட்டுல இந்த வேலை பாக்குறேன். பத்துல எட்டு போட்டுல கோளாறு இருக்கறது ஆண்டெனாவுக்கு அடியில இருக்குற பிஎல்-259 கனெக்டர் முனையிலதான். மேல இன்சுலேஷன் டேப் சுத்தி விட்டுடுறாங்க. வெயில்ல பசை உருகி டேப் அவுந்து தொங்கும். உள்ள தண்ணி இறங்கினா கேபிளோட பின்னல் கம்பி திரி மாதிரி அதை உறிஞ்சிக்கிட்டு கீழ வரைக்கும் கொண்டு போகும். அதுக்கு மேல 6 டெசிபல் வச்சாலும் 9 டெசிபல் வச்சாலும் ஓட்டைப் பானையில தண்ணி ஊத்துறதுதான்.

லாரி_பாடி:
நான் விழுப்புரம் ரோட்டுல லாரிக்கு பாடி, லைட், ஆடியோ வேலை செய்யறவன், கடல் வேலை தெரியாது. என் மச்சான் அமெரிக்காவுல ட்ரக் ஓட்டுறார். அங்க 27 மெகாஹெர்ட்ஸ் சிபி ரேடியோ வச்சிருப்பாங்க, 40 சேனல், 4 வாட். அவரு சொன்னது, கேபிள் சரியா 18 அடி இருக்கணும், கூடவும் கூடாது குறையவும் கூடாது, அப்பதான் எஸ்டபிள்யூஆர் மீட்டர் (ஆண்டெனாவுல முட்டி எவ்வளவு அலை திரும்புதுன்னு பாக்குறது, எண் 1-ஐ ஒட்டி இருந்தா நல்லது) சரியா காட்டும்னு. மெல்லிசு கேபிளே போதும்னும் சொன்னார். இவரும் 14 மீட்டரை 18 அடியா வெட்டிட்டா பிரச்சனை தீருமில்ல?

முன்னாள்_ரேடியோ_ஆபீசர்:
தம்பி, உங்கள் மைத்துனருக்குப் பொருந்துவது இங்கே ஏன் பொருந்தாது என்று சொல்கிறேன். நான் கப்பலில் ரேடியோ அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்று இப்போது லாஸ்பேட்டையில் இருக்கிறேன்.

27 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 11 மீட்டர். அதில் பாதி ஐந்தரை மீட்டர், அதாவது 18 அடி. ஆனால் கேபிளுக்குள் அலை காற்றில் போகும் வேகத்தில் போவதில்லை. சாதாரண பாலித்தீன் கேபிளில் மூன்றில் இரண்டு பங்கு வேகம்தான். அப்படிப் பார்த்தால் அரை அலைக்கு 12 அடிதான் வரும். ஆண்டெனா சரியாக இருந்தால் கேபிள் எந்த நீளத்தில் இருந்தாலும் நடக்கும். நீளத்தை மாற்றினால்தான் மீட்டர் சரியாகிறது என்றால் கோளாறு ஆண்டெனாவில் இருக்கிறது, அல்லது அதன் தரைப் பிடிப்பில், அதாவது எர்த்தில்.

மெல்லிய கேபிள் லாரிக்குப் போதும் என்பது உண்மை. அலைவெண் குறையக் குறையக் கேபிள் தின்பதும் குறையும். 27-இல் 18 அடிக்கு அரை டெசிபல்கூட ஆகாது. கடல் விஎச்எஃப் 156 மெகாஹெர்ட்ஸில், அலை 1.9 மீட்டர். அதே கேபிள் இங்கே சுமார் இரண்டரை மடங்கு தின்னும். இன்னொன்று, லாரியின் இரும்பு உடம்பே ஆண்டெனாவுக்கு மறுபாதியாக வேலை செய்கிறது. மரப் படகிலும் ஃபைபர் படகிலும் அது கிடையாது. அதனால் தரை தேவைப்படாத அரை அலை ஆண்டெனாதான் படகுக்கு. முதுநகர்க்காரரிடம் இருக்கும் ஒரு மீட்டர் ஆண்டெனா பெரும்பாலும் அந்த வகைதான். அதைத் தூக்கி எறிய அவசரப்பட வேண்டாம்.

லாரி_பாடி:
புரிஞ்சுது சார். 18 அடி கணக்கை நான் இன்னும் நாலு பேருக்குச் சொல்லியிருக்கேன், அவங்களுக்கும் திருத்திச் சொல்லிடுறேன்.

தாழங்குடா_ஃபைபர்:
எங்கள மாதிரி கரையிலேர்ந்து அலையைத் தாண்டிப் போற ஃபைபர் போட்டுக்கு இந்தச் சண்டையே தேவையில்ல. மாஸ்ட் வச்சா அலை அடிச்சு உடைச்சுடும். 5 வாட் கைசெட்டை பிளாஸ்டிக் பையில கட்டி கழுத்துல மாட்டிக்கிறோம், அவ்வளவுதான்.

முன்னாள்_ரேடியோ_ஆபீசர்:
உங்களுக்கு அதுதான் சரி, கரையை ஒட்டிப் போய்வருகிறீர்கள். முதுநகர்க்காரர் பல நாள் கடலிலேயே தங்கித் தங்கல் போகிறவர், அவருக்கு அது போதாது.

அவர் எழுதியதில் ஒரு விஷயத்தை யாரும் கவனிக்கவில்லை. அடுத்த படகு பேசுவது தெளிவாகக் கேட்டது, இவர் பேசுவது மட்டும் போகவில்லை. கேபிள் தின்பது போகும்போதும் வரும்போதும் ஒன்றுதான். ஆண்டெனாவும் அப்படித்தான். அவை மட்டும் கெட்டிருந்தால் கேட்பதும் சேர்ந்து மங்கியிருக்கும். ஒரு பக்கம் மட்டும் பழுது என்றால் செட்டிலிருந்து 25 வாட் கிளம்பவே இல்லை என்று சந்தேகப்பட வேண்டும். 1 வாட் பட்டன் அழுந்தியிருக்கிறதா? பேசும்போது பேட்டரி வோல்ட் எவ்வளவு? கேட்கும்போது செட் அரை ஆம்பியர்தான் இழுக்கும், பேசும்போது 5, 6 ஆம்பியர். பேட்டரி ஒயர் மெல்லிசாக இருந்தால் அந்த நேரத்தில் வோல்ட் விழுந்துவிடும். காசு செலவழிக்கும் முன் மீட்டர் வைத்துப் பாருங்கள். சோதனையைச் சேனல் 16-இல் செய்யாதீர்கள், அது ஆபத்துக்குக் கூப்பிடும் சேனல். 72-இல் செய்யுங்கள்.

மடிவலை_60:
சார் சொல்றது நியாயம், அதை முதல்ல பாருங்க. எஸ்டபிள்யூஆர் மீட்டரும் வச்சுப் பாருங்க. 1.5-க்குள்ள இருந்தா கேபிள் நல்லா இருக்குன்னு அர்த்தம், அப்ப ஆண்டெனாதான் வாங்கணும்.

தேங்காய்த்திட்டு_ஒயரிங்:
இதுல நான் ஒத்துக்க மாட்டேன் அண்ணே. செட்டுக்குப் பக்கத்துல மீட்டர் வச்சா கெட்ட கேபிள் நல்ல எண்ணைக் காட்டும். ஆண்டெனாவுல முட்டித் திரும்பி வர்ற அலையையும் அந்தக் கேபிளே தின்னுடுது, மீட்டருக்கு வந்து சேர்றது கொஞ்சம்தான். கேபிள் 4 டெசிபல் தின்னா, மேல 3 இருக்குற எஸ்டபிள்யூஆர் கீழ 1.5-ன்னு காட்டும். போன வருசம் ஒரு போட்டுல மீட்டர் 1.2 காட்டிச்சு. முதலாளிக்கு ரொம்ப சந்தோசம். மேல ஏறி முனையைக் கழட்டினா தண்ணி சொட்டுது. மாஸ்ட் உச்சியில மீட்டர் வச்சுப் பாத்தாதான் உண்மை தெரியும்.

முதுநகர்_போட்டு:
ரெண்டு நாளா வேலை பாத்தேன், பாத்தத அப்படியே எழுதறேன்.

பட்டன் 25 வாட்லதான் இருந்துச்சு. பேட்டரி சும்மா இருக்கும்போது செட் முனையில 12.8 வோல்ட். பேசுற பட்டனை அழுத்தினதும் 10.4. ஒயரைத் தொடர்ந்து போனா, இஞ்சின் ரூம்ல யாரோ பழைய லைட் ஒயரை முறுக்கி இணைச்சிருக்காங்க, முறுக்கு பச்சை பூத்துப் போயிருக்கு.

அப்புறம் மாஸ்ட் ஏறி ஆண்டெனா முனையைக் கழட்டினேன். டேப்பை உரிச்சதும் உள்ளேர்ந்து கறுப்பா ஒழுகிச்சு. கேபிள்ல ஒரு சாண் வெட்டிப் பாத்தேன், பின்னல் கம்பி கரி மாதிரி. இன்னொரு சாண், அதே கரி. மூணு முழம் வெட்டியும் செம்பு நிறம் கண்ணுல படல. கையில வச்சுத் தேச்சா பின்னல் பொடியா உதிருது.

தேங்காய்த்திட்டு_ஒயரிங்:
முழுசா உருவி எறிங்க, ஒட்டுப் போடாதீங்க. சென்னை ரிச்சி தெருவுலேர்ந்து வாங்குறதா இருந்தா பின்னல் நல்லா அடர்த்தியா இருக்கான்னு முனையை உரிச்சுப் பாத்து வாங்குங்க. பின்னலுக்கு ஊடால வெள்ளை பாலித்தீன் தெரிஞ்சா வாங்காதீங்க. ஈயம் பூசின செம்புக் கம்பி கிடைச்சா கடலுக்கு இன்னும் நல்லது. முனையை ஈயம் வச்சுப் பத்த வச்சதுக்கு மேல தானே ஒட்டிக்கிற ரப்பர் டேப்பை இழுத்து இழுத்துச் சுத்துங்க, கீழேர்ந்து மேல, ஓடு வேயற மாதிரி ஒண்ணு மேல ஒண்ணு ஏறணும். அதுக்கு மேல சாதா டேப், வெயிலுக்கு. எம்-சீல் அப்பாதீங்க, அடுத்த தடவ கழட்ட முடியாது. கேபினுக்குள்ள நுழையற இடத்துல கேபிளை ஒரு வளைவு தொங்க விடுங்க, மழைத் தண்ணி அந்த வளைவுலேயே சொட்டிடும்.

பேட்டரிக்கு நேரா புது ஒயர், நடுவுல ஃபியூஸ். கேபிள் மாத்தறதோட ஆண்டெனாவை மாஸ்ட் உச்சிக்கே, 9 மீட்டருக்கு ஏத்திடுங்க. கேபிள் 18 மீட்டர் ஆகும், ஆர்ஜி-213-ல அது தாங்கும்.

மடிவலை_60:
கேபிள் விஷயத்துல நான் சொன்னது இவருக்குப் பொருந்தல, ஒத்துக்கறேன். கரியா போன கேபிளுக்கு மேல எதை வச்சும் பிரயோஜனம் இல்ல. ஆனா அடுத்த சீசனுக்கு 6 டெசிபல் வாங்கத்தான் சொல்வேன்.

முன்னாள்_ரேடியோ_ஆபீசர்:
அதில்தான் எனக்கு வேறு கருத்து. ஆண்டெனா சக்தியை உண்டாக்குவதில்லை, சுற்றிலும் பரவுவதைத் தட்டையாக அழுத்துகிறது, அவ்வளவுதான். 6 டெசிபலில் அந்தத் தட்டு மெலிந்து போகும். படகு உருளும்போது ஒரு நேரம் தட்டு தண்ணீரில் இறங்கும், ஒரு நேரம் வானத்தைப் பார்க்கும். எதிரில் கேட்பவருக்குக் குரல் வந்து வந்து போகும். 52 அடி படகுக்கு 3 டெசிபல் போதும், அதை உயரத்தில் வைப்பதே பலன். 5 மீட்டரில் இரண்டு படகும் இருந்தால் எட்டுவது சுமார் 18 கிலோமீட்டர், 9 மீட்டரில் சுமார் 25.

அதற்கு மேல் எந்த ஆண்டெனாவும் இழுத்துக் கொடுக்காது. 2017-இல் ஒக்கி புயலின்போது ஆழ்கடலில் இருந்தவர்களுக்குக் கரையின் குரல் எட்டவில்லை. அந்தத் தூரத்துக்குச் செயற்கைக்கோள் கருவிதான்.

மடிவலை_60:
மடிவலை இழுக்கும்போது போட்டு அவ்வளவு உருளாது சார், மடியே பிடிச்சு நிறுத்தும். 60 அடி போட்டுல நாலு வருசமா 6 டெசிபல் வச்சிருக்கேன், வாடைக் காத்துலகூட குரல் விட்டுப் போனதில்ல. நீங்க கப்பல்ல பாத்த அனுபவம் பெரிசு, ஆனா மடி இறக்கின போட்டு வேற.

முன்னாள்_ரேடியோ_ஆபீசர்:
மடி இறக்கியிருக்கும்போது நீங்கள் சொல்வது சரியாக இருக்கலாம். கியர் உடைந்து அலைக்குக் குறுக்கே கிடக்கும் படகைப் பற்றித்தான் என் கவலை. அவர் கூப்பிட வேண்டியிருந்தது அந்த நேரத்தில்தான்.

முதுநகர்_போட்டு:
புதுக் கேபிள், புது பேட்டரி ஒயர், பழைய ஆண்டெனா மாஸ்ட் உச்சியில. பட்டன் அழுத்தினா இப்ப 12.5-க்குக் கீழ போகல. 15-ந்தேதி விடியக்காலை 5 மணிக்கு முகத்துவாரம் தாண்டினதும் 72-ல கூப்பிடுறேன். தேங்காய்த்திட்டு பக்கம் இருக்கறவங்க கேட்டா பதில் சொல்லுங்க.

தேங்காய்த்திட்டு_ஒயரிங்:
5.10-க்குக் கேட்டுது தம்பி. ஒவ்வொரு வார்த்தையும் புரிஞ்சுது, பின்னாடி கொஞ்சம் இரைச்சல்.

மடிவலை_60:
எனக்கும் கேட்டுது, சந்தோசம். அந்த இரைச்சலுக்குத்தான் நான் 6 டெசிபல்னு சொல்றேன்.